பூச்சு

நம் விமர்சனத்தில் பூச்சு என்பது வசைச்சொல். ஒரு கவிதை பிடித்திருந்தால் பூச்சில்லாமல் எழுதியிருக்கிறான் என்கிறோம். பிடிக்காவிட்டால் வெறும் மேல்பூச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு பொருள் தன் உள்ளிருப்பை மறைக்காமல் நிற்பதே நேர்மை என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. இதே வார்த்தையை இதே அர்த்தத்தில் என் பிழைப்பிலும் நான் உபயோகித்து வந்தேன். கவிதை விஷயத்தில் நான் தவறியிருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. அந்தக் கவிதையைப் படிக்காமல் விட்டுவிடலாம். சுவர் விஷயத்தில் தவறினால் அதற்குள் ஒரு குடும்பம் இருந்தாக வேண்டும்.

சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறோம். கட்டடக் கலைஞர்கள் என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, இன்ஜினியர்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிருஷ்டித் தொழில் போலத் தோன்றலாம். வருகிற வேலை என்னவோ, பாகம் பிரிந்த அண்ணன் தம்பிக்கு நடுச்சுவர், வங்கிக் கடனுக்கு மதிப்பீடு, கொல்லைக் கோடியில் இருந்த கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவருவது, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகனுக்காக மாடி எடுப்பது. அடுப்பு தென்கிழக்கில் வராவிட்டால் வரைபடம் திரும்பி வரும். காலையில் நாடா பிடித்து மனை அளப்பது, மத்தியானம் பேரூராட்சி அலுவலக வாசலில் காத்திருப்பது, சாயங்காலம் மேஸ்திரியோடு கம்பிக் கணக்கு. ஒரு வீட்டை முதல் கோட்டிலிருந்து முழுசாக நாங்களே போடுகிற சந்தர்ப்பம் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ. அதற்காக ஒருவன் தன் கொள்கைகளையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் கொள்கை லாரி பேக்கரிடமிருந்து வந்தது. இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007இல் அங்கேயே மறைந்தவர். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதைக் கொண்டே கிராமத்து வீட்டைக் கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தார். செங்கல்லைக் குத்துவசத்தில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டினால் கல்லில் கால் பங்கு மிச்சம். சிமெண்டுப் பூச்சை விட்டால் இன்னும் மிச்சம். அங்கே வளர்ச்சி ஆய்வு மையத்துக்காக அவர் கட்டிய கட்டடங்களை இளவயதில் பார்த்துவிட்டு வந்த பிறகு, பூசிய சுவர் என்றாலே எனக்குக் கூசும். பின்னால் கென்னத் ஃப்ராம்ப்டன் 1983இல் எழுதிய கட்டுரையையும் படித்தேன். உலகம் முழுவதும் ஒரே மாதிரியாகிவரும் கட்டடங்களுக்கு எதிராக, அந்தந்த இடத்தின் வெளிச்சமும் நிலமும் தட்பவெப்பமும் பேச வேண்டும் என்றது அது. வட்டாரம் என்ற சொல்லுக்கு இலக்கியத்தில் நாம் கொடுத்த மதிப்பு அப்போது எனக்குச் செங்கல்லிலும் கிடைத்துவிட்டது.

2010இல் பரங்கிப்பேட்டையில், அன்னங்கோயில் பக்கம், ஒரு வீடு. மீன் விற்று மூன்று பெண்களை வளர்த்த ஓர் அம்மாள். 2004 டிசம்பர் 26இல் இருந்த குடிசை போய்விட்டது. சேர்த்த பணமும் வாங்கிய கடனும் சேர்ந்தாலும் கணக்குக் கொஞ்சம் இடித்தது. பூச்சை விட்டுவிடலாம் என்றேன்.

மேஸ்திரி, "பூசலன்னா கல்லு உப்புக் குடிக்கும் சார்" என்றார். பூச்சுக் கூலி போகிறதே என்ற கவலை என்று எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாள், "அப்படியே விட்டுட்டா வேல முடியாத மாதிரி இருக்காதா தம்பி?" என்று கேட்டார். நான் வெகு நேரம் விளக்கினேன். அவர் சம்மதித்தார் என்று சொல்வது சரியில்லை. படித்தவனோடு வாதாடிப் பழக்கமில்லாததால் சும்மா இருந்தார். கட்டி முடித்ததும் மாலை வெயிலில் அந்தச் சுவரைப் புகைப்படம் எடுத்தோம். அது எங்கள் அறையில் சட்டமிட்டுத் தொங்கியது.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. வீடு நின்றது. அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்த வருஷம் மேஸ்திரி வேறொரு விஷயம் சொன்னார். இரண்டாவது பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று, "இன்னும் பூச்சு வேல முடியலையா?" என்று கேட்டார்களாம். பணமில்லாமல் பாதியில் நிறுத்திய வீடு என்று நினைத்திருக்கிறார்கள். உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. சம்பந்தம் விட்டுப்போனதற்குச் சுவர்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. வேறு நூறு காரணம் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் அங்கே இல்லை.

முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் நம் எல்லோருக்கும் பழக்கமானது: ரசனை கெட்டுப்போய்விட்டது, ஜனங்கள் போலி அந்தஸ்தை நம்புகிறார்கள், காலம் வரும்போது புரிந்துகொள்வார்கள். வாசகன் இல்லாத எழுத்தாளன் சொல்லிக்கொள்ளலாம். அவன் காத்திருக்கும்போது கஷ்டப்படுகிறவன் அவனே. இங்கே என் கொள்கைக்காகக் காத்திருந்தவர் இன்னொருவர். எகிப்தில் ஹஸன் ஃபாத்தி 1940களின் பிற்பகுதியில் லக்ஸருக்கு எதிர்க்கரையில் புதிய குர்னாவைக் கட்டினார். மண் கல்லில் கும்மட்டங்கள், வளைவுகள். எல்லாம் அந்த மண்ணின் மரபிலிருந்து எடுத்தவை. யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பெரும்பாலோர் குடிவர மறுத்துவிட்டார்கள். 1973இல் வந்த ஏழைகளுக்கான கட்டடக் கலை என்ற நூலில் அந்தக் கதையை அவரே சொல்கிறார். மகத்தான மனிதர். ஆனால் ஏழ்மையை அனுபவித்தவன் விட்டு ஓட நினைக்கும் மண்ணில், அனுபவிக்காதவன் அழகைப் பார்க்கிறான் என்பது அந்தக் கிராமத்திலிருந்து எனக்குக் கிடைத்த பாடம்.

இதோடு நின்றிருந்தால் தர்க்கத்தில் பாதியாவது என் பக்கம் இருந்திருக்கும். சுவரே என்னைக் கைவிட்டது. நாலைந்து வருஷத்தில் கடல் பார்த்த பக்கம் கல் பொரிய ஆரம்பித்தது. கல்லுக்குள் இறங்கிய ஈரம் காய்கிறபோது உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லை உடைக்கிறது; விரலால் தேய்த்தால் செம்பொடி உதிரும். அதே சமயம் ஊருக்குள் ஒரு பழைய மரைக்காயர் வீட்டைப் பாகத்துக்காக அளக்கப் போயிருந்தேன். சுவர் முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு. அந்தப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பு பூச்சிலேயே பூக்கும். பூச்சு உதிரும், கல் பிழைக்கும். உதிர்ந்ததைச் சுரண்டி மறுபடி பூசுவார்கள். கல் தெரிய விட்ட பழைய வீடு ஒன்றுகூட அந்தத் தெருவில் இல்லை. பரங்கிப்பேட்டையின் வட்டார மரபு என்று ஒன்று உண்டென்றால் அது பூச்சுதான். மேஸ்திரியின் ஒரு வரியில் அது முழுசாக இருந்தது. நான் வட்டாரத்தன்மை என்று சொல்லிக்கொண்டு வந்தது திருவனந்தபுரத்துச் சரக்கு.

அந்த ஊரே இதைப் பார்த்துச் சிரிக்கும். பரங்கியர் பேட்டை, போர்த்துகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம், மஹ்மூது பந்தர் என்று இன்னொரு பெயர். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்துத் தாதுவையும் காட்டு மரக்கரியையும் கொண்டுவந்து இங்கே இரும்பு காய்ச்சினார். ஐந்து மைல் என்ற கணக்கு இந்த ஊருக்கு என்றைக்கும் பொருந்தியதில்லை. எது இங்கே வந்து உப்புக்காற்றைத் தாங்கி நின்றதோ அது இந்த ஊருடையது. தாங்குமா என்பதை நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். வரைபவன் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் தர்மமா? அதுவும் இல்லை. அதே வீட்டில் கூரைக் கம்பிக்குக் கீழே கான்கிரீட் கனம் அதிகம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வழக்கமாக 20 மில்லிமீட்டர் விடுவார்கள். கடற்காற்றில் அது போதாது; உப்பு எட்டினால் கம்பி துருப்பிடித்துப் பல மடங்கு ஊதி, கூரையைக் கீழிருந்து பிளக்கும். அந்தச் செலவும் அவருக்கு உறுத்தியது. அங்கே நான் விட்டுக்கொடுக்காதது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். கம்பி விஷயத்தில் எனக்கு இருந்தது அறிவு. பூச்சு விஷயத்தில் இருந்தது ருசி. இரண்டையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொன்னேன். சொல்கிறவனுக்கு உள்ளே இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன; இதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நேர்மையாக இருந்தேன் என்பது எந்த உத்தரவாதமும் அல்ல என்று தெரிந்த பிறகு எதைப் பற்றிக்கொள்வது?

பேக்கரிடம் வேலை கற்ற பென்னி குரியகோஸ், சுனாமிக்குப் பின் தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் மீனவர்களுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டமிட்டபோது, அதில் இருக்கப்போகும் குடும்பங்களோடு பேசி வரைந்தார். அதிகமாகக் கேட்டால் தவறு நேராது என்று நான் சொல்லவில்லை. தவறு நேரும்போது அதில் வசிப்பவருக்கும் பங்கு இருக்கும். அது அவருடைய தவறாகவும் இருக்கும். என் வீட்டில் அந்த அம்மாளுக்கு அந்த உரிமைகூட மிஞ்சவில்லை.

நான் மறுபடி அங்கே போக ஆறு வருஷம் ஆயிற்று. நாலு பக்கமும் பூசி, இளம்பச்சை அடித்திருந்தது. இரண்டாவது பெண்ணுக்கும் கல்யாணமாகி இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். அந்த அம்மாள் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டீ கொடுத்தார். அடிச்சுவரில் ஒரு முழ உயரத்துக்குப் பச்சை உரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததை நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அது அப்படித்தான் தம்பி. பொங்கலுக்கு அடிச்சுக்குவோம்" என்றார்.

பூசுவதற்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. புகைப்படத்தை மட்டும் திரும்பிவந்து கழற்றினேன்.