முதல் வாரத்துத் தனிமை

1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் போல மாணாக்கர் தங்கிப் பயிலும் வித்தியாஸ்தானம் ஒன்றில் சேர்ந்து, பெற்றோரை ரயிலேற்றிவிட்டு விடுதி அறைக்குத் திரும்பும் இளைஞனுக்கு, ஊரும் உறவும் விலகிய பின்னர் 'நான் யார்?' என்னும் வினா அம்முதல் வாரத்திலேயே எழுவது இயல்பு.

சாந்தோக்ய உபநிஷத்தில் வரும் சத்தியகாம ஜாபாலனை இங்கே நினைக்கிறேன். கல்வி நாடித் தம்மிடம் வந்தவனைக் கோத்திரம் யாதென்று ஆசாரியர் கௌதமர் வினவியபோது, அதனைத் தன் தாயும் அறியாள் என்ற உண்மையை அவன் மறையாது உரைக்க, அச்சத்தியத்தையே தகுதியாகக் கொண்டு அவனை ஏற்ற ஆசாரியர், உடனே பாடம் தொடங்காமல், மெலிந்த 400 பசுக்களை ஒப்படைத்து அனுப்பிவிட்டார். அவை 1000 ஆகும்வரை திரும்பேன் என்று சங்கற்பித்துப் பல்லாண்டு மேய்த்து வாழ்ந்தவனுக்குக் காளையும் அக்கினியும் அன்னமும் நீர்ப்பறவையும் பிரம்மத்தை உபதேசித்தன. அதன் பின்னரும் அவன் குருவிடமே கற்க விழைந்தான் என்பது கருதத்தக்கது.

ஆதலின் தனிமை கல்விக்கு இடையூறன்று, அதன் முதற்பாடமே என்பது என் துணிபு. அறைத்தோழரின் நட்பு வேண்டற்பாலதே; எனினும் மாலைதோறும் அரட்டையால் அப்பாடத்தைக் கலைத்துவிடுவது நஷ்டம்.

மாணவ நண்பர்களே, சில நாழிகையேனும் தனித்திருங்கள். அடுத்த கட்டிலுக்கு வரும் புதியவனிடம் அவன் குலத்தை மட்டும் வினவாதீர்கள்.