வாங்கத் தெரிந்த கை



கொடுப்பது உயர்வா, வாங்குவது உயர்வா என்று கேட்டால் யோசிக்காமல் 'கொடுப்பது' என்போம். "யார்கிட்டயும் கை நீட்டாதே" என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? ஆனால் ஓர் ஆன்மிக மரபு தனக்கே 'பெறுதல்' என்று பெயர் வைத்திருக்கிறது. அதுதான் யூதர்களின் கபாலா. அந்த எபிரேயச் சொல்லுக்குப் பொருளே 'பெற்றுக்கொள்வது'. பல்கலைக்கழகத்தில் சமய ஒப்பியல் பாடத்துக்காக இதைப் படிக்க ஆரம்பித்தேன். பாடம் முடிந்த பிறகும் இந்த ஒரு சொல் என்னை விடவில்லை. வாங்குவதில் அப்படி என்ன ஆன்மிகம் இருக்கிறது?

முதலில் ஒரு சின்ன அறிமுகம். கபாலாவின் தலையாய நூலான ஸோஹார் 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிப்பட்டது. பெரும்பகுதி அராமிய மொழியில் உள்ளது. இறைவனின் அருள் பத்து நிலைகளின் வழியாக உலகத்துக்கு இறங்கி வருகிறது என்பது இம்மரபின் அடிப்படை. அந்த நிலைகளை செஃபிரோத் என்பார்கள். மேலே உள்ளதிடம் வாங்கும்; கீழே உள்ளதற்குக் கொடுக்கும். கடைசி நிலையான மல்கூத்தை நிலவுக்கு ஒப்பிடுவார்கள். நிலவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஆனாலும் ராத்திரியில் நமக்கு வழி காட்டுவது அதுதான்!

யூத வேதத்தில் தேர்ந்து, 40 வயதையும் கடந்தவர்கள்தான் கபாலாவைத் தொடலாம் என்ற வழக்கமும் இருந்திருக்கிறது. நான் கரையில் நின்று கால் நனைத்தவன் மட்டுமே. என் வாழ்க்கைக்கு உதவிய ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

விருந்தாளியும் வீட்டுக்காரரும்

1920களில் ஜெருசலத்தில் குடியேறியவர் ரபி யெஹூதா அஷ்லாக். ஸோஹாருக்கு 'ஏணி' என்ற பெயரில் உரை எழுதினார். 1954-இல் மறைந்தார். அவர் காட்டும் உதாரணம் நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

பசியோடு வந்த விருந்தாளியின் முன் சாப்பாடு இருக்கிறது. சும்மா வாங்கித் தின்ன அவருக்குக் கூச்சம். "வேணாங்க" என்கிறார். வீட்டுக்காரர் விடவில்லை. "உங்களுக்காகத்தான் சமைச்சது, நீங்க சாப்பிட்டால்தான் எனக்குச் சந்தோஷம்" என்று கெஞ்சுகிறார். இப்போது விருந்தாளி சாப்பிட்டால், வீட்டுக்காரருக்கு ஒரு மகிழ்ச்சியைக் கொடுத்தவர் ஆகிறார். அதே சோறு, அதே வாய். எண்ணம் மாறியதும் வாங்கியதே கொடுத்ததாகிவிட்டது.

உழைக்காமல் பெறும்போது வரும் அந்தக் கூச்சத்தை இம்மரபு 'வெட்கத்தின் ரொட்டி' என்கிறது. கூச்சம் போக, ஆசையையே அறுத்துப் போட வேண்டும் என்று அஷ்லாக் சொல்லவில்லை. அவர் பார்வையில் ஆசைதான் பாத்திரம். பாத்திரம் இல்லாமல் அருளை எதில் வாங்குவது?

அப்படியென்றால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "உங்க சந்தோஷத்துக்காகத்தான் வாங்கினேன்" என்று சொல்லிவிடலாமே? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. அதற்குத்தான் அவர் 'திரை' என்ற ஒன்றை வைக்கிறார். விருந்தாளி முதலில் மறுத்தார் இல்லையா? அந்த நிறுத்தம்தான் திரை. கொடுக்கும் எண்ணத்தோடு எவ்வளவு வாங்க முடியுமோ, அவ்வளவுதான் வாங்கலாம். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று கொடுப்பவருக்கு நாம் பழமொழி வைத்திருக்கிறோம். இங்கே வாங்குகிறவன் தன் பாத்திரத்தைத் தானே அறிய வேண்டும்.

நம் வாழ்க்கையில்

கோயில் அன்னதானத்தில் பின்னால் வரிசை நீளமாக நிற்கும்போது ஐந்து பொட்டலம் கேட்பவருக்குத் திரை இல்லை. அது சுலபமாகத் தெரியும். இன்னொரு பக்கம் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. மாதக் கடைசியில் கையில் காசில்லாமல், "நான் சாப்ட்டேன்டா" என்று சிரித்துக்கொண்டே அறைக்குள் போய்ப் படுக்கும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதைத் தன்மானம் என்கிறோம். ஆனால் கொடுக்க ஆசையோடு நிற்கும் நண்பனுக்கு அங்கே கதவு சாத்தப்படுகிறது. எப்போதும் கொடுக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் ஒருவகை அகங்காரம்தானே?

தேவர், ரிஷிகள், பித்ருக்கள் என்று மூன்று கடனோடுதான் மனிதன் பிறக்கிறான் என்று நம் சமயமும் சொல்கிறது. வாங்காமல் வந்தவர் யாரும் இல்லை. அப்பா ஓவர்டைம் செய்து கட்டிய கட்டணம், அக்கா கொடுத்த பழைய புத்தகம், பி.டி.பி.டி.என். கடன், எல்லாமே வாங்கியதுதான். அதற்காகக் கூனிக் குறுக வேண்டாம். தேவையா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தேவையென்றால் கொடுப்பவர் முகம் மலர வாங்குங்கள். பிறகு உங்களிடமே தேங்க விடாதீர்கள். படித்த குறிப்புகளைத் தம்பி தங்கைகளுக்குக் கொடுங்கள். வேலை கிடைத்ததும் கல்விக் கடனைக் கட்டுங்கள். அடுத்து வரும் மாணவருக்கு அது போய்ச் சேரட்டும்.

இன்று யாராவது உங்களுக்கு ஒன்று நீட்டினால், "வேணாம்" என்று சொல்லும் முன் அவர் கண்ணைப் பாருங்கள். ஒருவேளை கேட்பவர் அவராக இருக்கலாம்.