நினைவு கருவியா, ஆளா?

அல்சைமர் நோய் முற்றியவரைப் பற்றி வீடுகளில் ஒரு பேச்சு அடிபடும்: 'ஆள் எப்பவோ போயாச்சு, உடம்புதான் கிடக்குது.' களைப்பிலும் துக்கத்திலும் வருகிற வார்த்தை அது; சொல்பவரைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் இதே கருத்துக்குத் தத்துவத்திலும் ஒரு வலுவான ஆதரவு இருக்கிறது. கடந்த காலச் செயலைத் தன் செயலாக உணரும் மட்டும்தான் ஒருவர் அதே ஆளாக நீடிக்கிறார் என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் வாதிட்டார். அந்த உணர்வு நினைவைத்தான் நம்பியிருக்கிறது. அப்படியானால், நினைவு அழிந்தவர் பழைய ஆள் அல்லர் என்றாகிறது. இந்த முடிவு தவறானது என்பதே என் எண்ணம். நோய் மூளைக்குள் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் அந்தத் தவறு எங்கே தொடங்குகிறது என்பது புரியும்.

அந்த வழியை வரைந்து காட்டியவர்கள் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆராய்ச்சி செய்த ஹைக்கோ பிராக், ஈவா பிராக் தம்பதி. இறந்தவர்களின் 83 மூளைகளைத் தடித்த சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, 1991இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். டௌ என்ற புரதம் நரம்பணுவுக்குள் முறுக்கிக்கொண்டு சிக்கலாகத் திரள்கிறது. சாயம் ஏறியதும் அது தீச்சுடர் போன்ற கருப்பு உருவமாகத் தெரியும். அணு செத்துக் கரைந்த பிறகும் சிக்கல் மட்டும் அந்த இடத்திலேயே நிற்கும். இந்தச் சிக்கல்கள் கண்ட இடத்தில் முளைப்பதில்லை, ஆறு நிலைகளாக ஒழுங்கோடு பரவுகின்றன என்பதுதான் பிராக் தம்பதியின் கண்டுபிடிப்பு. முதல் இரண்டு நிலைகளில் பாதிப்பு பெரும்பாலும் பொட்டு மடலின் உட்பக்கத்தில், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸுக்கு வாசலாக அமைந்த சிறு பகுதியோடு நிற்கிறது. அப்போது வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த இரண்டில் ஹிப்போகாம்பஸும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் சேதமாகின்றன. புதிய நிகழ்ச்சிகள் மனத்தில் தங்காமல் போகின்றன. கடைசி இரண்டில்தான் பெருமூளைப் புறணி பரவலாகப் பாழாகிறது. அப்போதுகூட பார்வை, தொடுஉணர்வு, அசைவு ஆகியவற்றின் முதன்மைப் பகுதிகள் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. ஆக, நோய் ஓர் ஆளை மொத்தமாக வாரிக்கொண்டு போவதில்லை. முதலில் ஒரு திறனைப் பறிக்கிறது. அந்தத் திறன் நினைவாக இருப்பதால், அதையே ஆள் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

பறிபோன பிறகு என்ன மிஞ்சுகிறது? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இதற்கு விடை தேடியது. அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடங்களில் பார்த்தது பெரும்பாலும் மறந்துவிட்டது. ஆனால் அது எழுப்பிய உணர்வு மறையவில்லை. படத்தை அதிகம் மறந்தவர்களிடம்தான் சோகம் அதிக நேரம் நீடித்தது. வீடுகளில் நடக்கிற ஒன்றை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வருகிறவர் ஒவ்வொருவரும் பெரியவர் முன்னால் உட்கார்ந்து, 'நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்' என்று பரீட்சை வைக்கிறார். கேள்வி மறந்துபோகும், விடை தெரியாமல் விழித்த கூச்சம் உள்ளே நிற்கும், அதுவும் காரணம் தெரியாத கூச்சமாக. இந்தப் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும் என்பேன். கூச்சப்படுவது யாரோ ஒருவர் அல்லவா? உள்ளே ஆளில்லை என்றால் அந்தக் கூச்சம் யாருடையது?

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதமும் அதன் வழிவந்த நூல்களும் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கையும் உயிர் என்று ஒப்புவதில்லை. அவை மாயையிலிருந்து வந்த சடப்பொருள்கள், உயிர் அறிவதற்குக் கிடைத்த கருவிகள். கருவி இல்லாவிட்டால் உயிர் எதையும் அறியாது, ஆனாலும் இருக்கும். மூளை சிதைந்த பிறகும் உள்ளே எல்லாவற்றையும் நினைத்தபடி ஓர் ஆன்மா உட்கார்ந்திருக்கிறது என்ற பொய்யான ஆறுதலை இந்தத் தரிசனம் தருவதில்லை. உயிரை எந்த நுண்ணோக்கியும் காட்டாதே என்று கேட்பார்கள். உண்மைதான், பிராக் தம்பதியின் சீவல்கள் உயிருக்குச் சாட்சி சொல்லவில்லை. உயிரை நம்பாதவரும் எடுத்துக்கொள்ளக்கூடியது இங்கே ஒன்று உண்டு: ஒருவர் அறிவது வேறு, ஒருவர் இருப்பது வேறு.

இதைவிடக் கடினமான மறுப்பு மருத்துவத்திலிருந்தே வருகிறது. மூளையின் முன் மடலையும் பொட்டு மடலையும் தாக்கும் இன்னொரு வகை மறதி நோய் இருக்கிறது. அதில் நினைவு ஓரளவு தங்கும். இரக்கமும் நாணமும் கெட்டுவிடும். நீனா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கோல்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை நோயாளிகளின் உறவினர்களே 'இவர் பழைய ஆள் இல்லை' என்று அதிகமாக உணர்ந்தார்கள். அல்சைமர் நோயாளிகளின் உறவினர்களிடம் அந்த உணர்வு குறைவு. அப்படியானால் ஆள் என்பது குணமா? நினைவை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் குணத்தை உட்காரவைத்தால், அதே தவறைத்தான் மறுபடி செய்கிறோம். பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1970இல் எழுப்பிய கேள்வியை எண்ணிப் பார்க்கலாம். நாளை உங்களைச் சித்திரவதை செய்யப்போகிறார்கள். அதற்கு முன் உங்கள் நினைவுகளையும் குணத்தையும் துடைத்துவிடுவார்கள் என்றால், உங்கள் பயம் தீர்ந்துவிடுமா? தீராது. வலிக்கப்போவது எனக்குத்தான் என்றே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆறாம் நிலையில் பேச்சும் அடங்கிப் படுத்திருக்கும் ஓர் அம்மாவின் படுக்கைப் புண்ணும் பசியும் இதே கணக்கில்தான் வருகின்றன. அவை அதே அம்மாவின் வலி, அதே அம்மாவின் பசி.

இப்படிச் சொல்வது பிள்ளைகளின் துக்கத்தைச் சிறுமைப்படுத்துவதாகாதா? ஆகாது. அவர்கள் இழந்தது உண்மையான ஒன்றை. இருவரும் சேர்ந்து சுமந்த நாற்பது ஐம்பது வருட நினைவுகளை இப்போது ஒருவர் மட்டும் சுமக்கிறார். எந்தக் கதையைத் தொடங்கினாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மிச்சக் கதை வருவதில்லை. அதற்காக அழலாம், அழத்தான் வேண்டும். ஆனால் அது உறவின் ஒரு பாதி அறுந்ததற்கான அழுகை. எதிரே இருப்பவர் இன்னும் சாகவில்லை. தொட்டால் அவருக்குத் தெரிகிறது, அதட்டினால் சுருங்குகிறார்.