கெட்ட பெயரும் கெட்ட சரக்கும்

ஒரு சரக்குக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால் அப்பெயர் அச்சரக்கைவிட நீண்ட காலம் வாழும். சரக்கு விற்றுத் தீர்ந்துவிடலாம். கிடங்கில் மக்கியும் போகலாம். பெயர் மட்டும் வாய்க்கு வாய் போய்க்கொண்டே இருக்கும். வணிகர்களாகிய நாம் இதனை நன்கு அறிவோம். ஆனால் அந்தப் பெயர் நியாயமாக வந்ததா, யார் செய்த குற்றத்தை யார் சுமக்கிறார் என்று நின்று கேட்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. இக்கேள்வியை ஆராய நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் உதாரணம் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். அது வீடியோ விளையாட்டு.

பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைப் பற்றி நமது இதழில் எழுதுவானேன் என்று எவரும் கேட்க வேண்டாம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் அது இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. உலகத்திலேயே மகா மட்டமானது என்று பட்டம் சூட்டப்பட்ட ஒரு விளையாட்டின் வரலாறு, அடிமுதல் நுனிவரை கொள்முதல், விற்பனை, திரும்பி வந்த சரக்கு என்று கடைக்காரர் பாஷையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஈ.டி.' என்னும் படம் அமெரிக்காவில் வெளிவந்து ஜனங்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. அப்போது வீட்டு விளையாட்டுத் துறையில் முடிசூடா மன்னனாக விளங்கிய அட்டாரி கம்பெனி, அப்படத்தின் பெயரில் ஒரு விளையாட்டை வெளியிடும் உரிமையை வாங்கியது. அதற்குக் கொடுத்த தொகை 2 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் என்று கூறப்படுகிறது. பேரம் முடிந்தபோது ஜூலை மாதக் கடைசி. டிசம்பர் பண்டிகை விற்பனைக்குச் சரக்கு கடையில் இருக்க வேண்டுமானால் செப்டம்பர் முதல் தேதிக்குள் வேலை முடிந்தாக வேண்டும். சாதாரணமாக அத்தகைய விளையாட்டு ஒன்றை உருவாக்க ஐந்தாறு மாதங்களேனும் பிடிக்கும். இதற்குக் கிடைத்தவை ஐந்து வாரங்களே.

வேலையை ஏற்றுக்கொண்டவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் இளைஞர். 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை அட்டாரிக்கு எழுதித் தந்தவர் அவரே. அந்த இயந்திரத்தின் வேலை நினைவகம் வெறும் 128 பைட்டுகள். விளையாட்டு முழுவதும் எட்டு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். குறித்த நாளில் அவர் முடித்துக் கொடுத்தார். விளையாடுவோரிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்க அவகாசம் இல்லாமற் போகவே, அச்சோதனை கைவிடப்பட்டது. சரக்கோ சுமார் 40 இலட்சம் பிரதிகள் செய்து குவிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. சுமார் 15 இலட்சம் விற்றது என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. மிச்சமும், வாங்கியோர் வெறுத்துத் திருப்பிக் கொடுத்தவையும் மலைபோல் திரும்பி வந்தன. 1983 செப்டம்பரில் நியூ மெக்ஸிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பை மேட்டில் அட்டாரியின் சரக்குகள் லாரி லாரியாகக் கொட்டிப் புதைக்கப்பட்டன. அன்று முதல், ஒரு தொழிலையே குழியில் தள்ளிய விளையாட்டு என்ற பெயர் 'ஈ.டி.'க்கு நிலைத்துவிட்டது.

இந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று குற்றச்சாட்டுகள் ஒன்றாக மூட்டை கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். சரக்கு மட்டம் என்பது ஒன்று. செய்தவர் கையாலாகாதவர் என்பது இரண்டு. தொழில் அழிந்ததற்கு இதுவே காரணம் என்பது மூன்று. மூட்டையை அப்படியே தராசில் வைப்பது நியாயமாகாது. ஒவ்வொன்றாக எடுத்து நிறுப்போம்.

முதற் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. தொலைபேசியின் மூன்று பாகங்களைத் தேடி எடுத்துத் தன் உலகத்துக்குப் பேசி அழைப்பு விடுக்க வேண்டியது அந்தச் சின்னஞ்சிறு வேற்றுலக ஜீவனின் வேலை. ஆனால் திரும்பிய இடமெல்லாம் பள்ளங்கள். கால் தரையில் இருப்பதுபோலத் தோன்றும்போதே பள்ளத்தில் விழுந்துவிடும். அரும்பாடுபட்டு மேலே வந்தால் மறுபடியும் அதே பள்ளத்தில் விழும். பண்டிகை நாளில் ஆசையோடு பெட்டியைப் பிரித்த ஒரு குழந்தைக்கு இது எத்தனை ஏமாற்றம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அதே சமயம், கையேட்டைப் படித்துவிட்டு ஆடியவர்களில் இதை விரும்பியவர்களும் உண்டு. 2013இல் ஓர் ஆர்வலர் நிரலில் சில இடங்களை மட்டும் திருத்தி, இந்தப் பள்ளத் தொல்லையைப் பெரும்பாலும் நீக்கலாம் என்று செய்தே காட்டினார். ஆகவே குறையுள்ள சரக்கு என்பது சரி. உலகத்திலேயே மகா மட்டம் என்பது மிகை.

இரண்டாவது குற்றச்சாட்டு நிற்காது. ஐந்து வாரத்தில், முன்னர் எவரும் பாராத ஒரு விளையாட்டை அவர் முழுமையாக முடித்திருக்கிறார். தம்மால் முடியும் என்று தாமே துணிந்து ஒப்புக்கொண்டவர் என்பதால் அவருக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காலத்தைக் குறுக்கியவர் அவரல்லர். சோதனையை விட்டுவிடும் நிலையை உண்டாக்கியவரும், 40 இலட்சம் என்று எண்ணிக்கை குறித்தவரும் அவரல்லர்.

மூன்றாவதுதான் மிகப் பெரிய குற்றச்சாட்டு. அதுவே மிகப் பலவீனமானதும்கூட. 1981 அக்டோபரில் அட்டாரி தன் விநியோகஸ்தர்களிடம், அடுத்த ஆண்டு முழுவதற்கும் வேண்டிய சரக்குக்கு ஒரேயடியாக ஆர்டர் கொடுக்கும்படி கேட்டது. அந்நாட்களில் அட்டாரி கேட்ட அளவு சரக்கை அனுப்ப இயலாமல் திணறுவது வழக்கம். பத்துக் கேட்டால்தான் ஐந்து வரும் என்று எண்ணி, விநியோகஸ்தர்கள் தேவைக்கு மேலேயே எழுதிக் கொடுத்தார்கள். இந்த வித்தையை நம்மில் அறியாதவர் யார்? பிறகு போட்டிக் கம்பெனிகள் ஏராளமாக முளைத்தன. எழுதிக் கொடுத்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. அட்டாரி அதே ஆண்டு வெளியிட்ட 'பேக்மேன்' 70 இலட்சத்துக்கு மேல் விற்றும், ஒரு கோடியைத் தாண்டிச் செய்துவிட்டதால் மிச்சம் குவிந்தது என்பர். 1982 டிசம்பர் 7ஆம் தேதி, எதிர்பார்த்த வளர்ச்சி இல்லை என்று கம்பெனியே அறிவித்தது. அதன் தாய்க் கம்பெனியாகிய வார்னரின் பங்கு விலை மறுநாளே மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அப்போது அவ்வாண்டுப் பண்டிகை விற்பனைகூட முடியவில்லை. திரும்பி வரும் 'ஈ.டி.' பெட்டிகளை எண்ணுவதற்கு எவரும் உட்காரவில்லை. வெள்ளம் அணையை உடைத்த பிறகு வந்து விழுந்த மரக்கிளையைக் காட்டி, அணையை உடைத்தது இதுதான் என்று சொல்லலாமா?

குப்பை மேடே பின்னாளில் சாட்சி சொன்னது. 2014 ஏப்ரல் 26ஆம் தேதி, ஓர் ஆவணப் படத்துக்காக அந்த இடம் தோண்டப்பட்டது. இலட்சக்கணக்கான 'ஈ.டி.' பெட்டிகளே அங்கு கிடக்கின்றன என்பது முப்பதாண்டுக் கதை. மேலே வந்ததோ, நல்ல விற்பனை கண்ட 'சென்டிபீட்' உள்ளிட்ட பல விளையாட்டுகளின் கலவை, 'ஈ.டி.' அவற்றில் ஒரு சிறு பகுதியே. மட்டமான சரக்கு என்பதற்காக மட்டுமே புதைத்திருந்தால், நல்ல சரக்கு அங்கு ஏன் கிடக்க வேண்டும்? அளவுக்கு மேல் செய்துவிட்ட சரக்கையே அவர்கள் புதைத்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பொருளின் மேல் எல்லாப் பழியையும் ஏற்றிவிடுவது பலருக்குச் சௌகரியம். அதிக விலைக்கு உரிமை வாங்கியவர், அவசரப்படுத்தியவர், கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் எழுதியவர் ஆகிய எவரையும் எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பழி சுமந்தவருக்கு மட்டும் இதனால் கேடு வருகிறது என்று எண்ணுவது தவறு. பழி சுமத்துவோர் தம் கணக்கிலுள்ள பிழையைக் காணாமலே போகிறார்கள். அடுத்த பண்டிகைக்கும் அப்படியே எழுதுவார்கள்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். "வாங்கி ஏமாந்தவன் கடுமையாகப் பேசக்கூடாதா? கடுஞ்சொல்லுக்குப் பயந்துதானே சரக்குச் செய்பவன் ஒழுங்காகச் செய்கிறான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் கொடுத்தவனுக்குக் குறை சொல்லும் உரிமை முழுமையாக உண்டு. குறையை மூடி மறைக்கும்படி நாம் எவருக்கும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அடுத்து வாங்குகிறவனை ஏமாற்ற நாமும் துணை போனவர்களாவோம். நாம் கேட்பது வேறு: குறை சொல்பவர் அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவரா, காதால் கேட்டவரா?

'நைட் டிராப்' என்ற விளையாட்டின் கதை இதற்குத் தக்க சான்று. 1992இல் வந்த அது, 1993 டிசம்பர் 9ஆம் தேதி அமெரிக்க செனட் சபையின் விசாரணையில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. பெண்களைப் பொறி வைத்துப் பிடித்துக் கொல்வதே அவ்விளையாட்டின் நோக்கம் என்பது போன்ற எண்ணம் நாடெங்கும் பரவிற்று. பெரிய கடைகள் சில அதனை அலமாரியிலிருந்து அகற்றின. உண்மையில், வீட்டுக்குள் புகும் கொடியவர்களைப் பொறியில் சிக்கவைத்து அப்பெண்களைக் காப்பாற்றுவதே ஆடுபவரின் வேலை. விளையாட்டு உயர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அதன் தரம் சாமானியமானதே. ஆனால் செய்த குற்றம் ஒன்று, சுமந்த பெயர் வேறொன்று. 2017இல் அது மறுபடியும் விற்பனைக்கு வந்தபோது பெரிய கூச்சல் ஏதும் எழவில்லை. அந்த விசாரணையால் ஒரு நன்மை விளைந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1994இல் அமெரிக்காவில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் ஏற்பாடு பிறந்தது அதன் பயனாகவே. நல்ல காரியம் நடந்தது என்பதற்காகச் சொன்ன பழி உண்மையாகிவிடாது.

முழுதும் நியாயமாகவே வந்த கெட்ட பெயரும் உண்டு. இங்கிலாந்தின் ஒரு சிறு கம்பெனி 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டை வெளியிட்டது. விற்பனைக்கு முன் கம்பெனித் தலைவர் சொன்ன பல அம்சங்கள், ஆடுவோர் ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்பது உட்பட, பெட்டிக்குள் இல்லை. வாங்கியோர் கொதித்தெழுந்தனர், அவர்கள் கோபத்தில் தவறில்லை. ஆனால் அக்கம்பெனி அதன்பின் செய்ததைப் பாருங்கள். மறுப்பும் வாதமும் குறைத்து, வேலையைத் தொடர்ந்தது. ஆண்டுதோறும் புதுப்பித்தல்களைக் காசு வாங்காமல் கொடுத்தது. 2018இல், பலர் ஒன்றுகூடி ஆடும் வசதியும் முழுமையாக வந்து சேர்ந்தது. முதலில் காறி உமிழ்ந்தவர்களிலேயே பலர் பின்னர் புகழ்ந்தார்கள். நியாயமாக வந்த பெயரானாலும், அது வந்த நாளுக்குரியது. கடன்பட்டவன் வட்டியோடு கட்டித் தீர்த்த பிறகும் பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே பாக்கி என்று எழுதி வைத்திருப்பவன் நல்ல கணக்கனாவானா?

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கும்போது, கடுமையாகத் தூற்றப்பட்ட விளையாட்டுகள் அப்பெயருக்குத் தகுதியானவைதாமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. 'ஈ.டி.'யின் பெயரில் ஒரு பங்கு நியாயம். பெரும் பங்கு பிறருடைய கடன். 'நைட் டிராப்' செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டது. 'நோ மேன்ஸ் ஸ்கை' தகுந்த பெயரைப் பெற்று, உழைத்துத் தீர்த்துக்கொண்டது. மூன்றுக்கும் சந்தை சூட்டிய பட்டம் ஒன்றே.

நமது வணிகச் சகோதரர்களுக்கு இது வெறும் விளையாட்டுக் கதையன்று. "அந்த மொத்த வியாபாரியின் சரக்கு ஆகாது", "அந்தக் கடையில் வேலை செய்த பையனா, அவன் சரிப்பட மாட்டான்" என்ற சொற்கள் தேநீர்க் கோப்பை ஆறுவதற்குள் நம்மிடையே பத்துப் பேரைச் சுற்றி வந்துவிடுகின்றன. அச்சொல்லால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துபோகலாம். சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்வது கடமை. குறையை நாமே கண்டோமா? அக்குறை இவருடையதுதானா, இவருக்கு வேலையும் கெடுவும் குறித்த நம்முடையதா? அன்றிருந்த குறை இன்றும் இருக்கிறதா?

இக்கேள்விகளைக் கேட்ட பிறகும் குறை நின்றால், அஞ்சாமல் சொல்லலாம். எடை குறைவாக நிறுப்பது பாவம் என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். பிறருடைய பெயரை நிறுக்கும்போதும் கையில் இருப்பது அதே தராசுதான்.