ஐஸும் சேறும்

அலுவலக நண்பர் லடாக்கில் ஜான்ஸ்கர் போய்விட்டு வந்தார். குளிர்காலத்தில் அங்கே நதி உறைந்து பாதையாகிவிடும். 'சாதர்' என்கிறார்கள். போர்வை என்று அர்த்தம். கடுங்குளிரில் அதன் மேல் நாள்கணக்கில் நடந்திருக்கிறார். செல்போனில் முந்நூறு போட்டோ!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை எண்ணூருக்கு அழைத்துப் போனேன். கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெரியவர். வலை இல்லை, படகு இல்லை. குனிந்து, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார். பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறிக்குள் போடுகிறார். கரையேறியதும் நண்பரின் பயணக் கதையைச் சொன்னேன்.

"காசு குட்த்தா போயி குளிர்ல நடந்தாரு? இன்னாத்துக்கு சார்?"

நண்பரிடம் பதில் இல்லை. என்னிடமும்தான்.

நான் காமர்ஸ் படித்தவன். ரிஸ்க் எடுத்தால் லாபம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். நாமாக எடுக்கிற ரிஸ்க்குக்கு சாகசம் என்று பெயர். பிறந்த ஊரோடு ஒட்டிக்கொண்டு வருகிற ரிஸ்க்குக்கு? வெறும் பிழைப்பு!

ஜான்ஸ்கர்க்காரர்களுக்கும் அப்படித்தான். கணவாய்களைப் பனி மூடிவிட்டால் லே நகரத்துக்குப் போக நெடுங்காலம் அந்த ஐஸ்தான் ரோடு. வெண்ணெய் விற்கப் போனவர்களும், பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில்தான் நடந்தார்கள். யாரும் மாலை போடவில்லை.

நண்பர் ஒன்று சொன்னார். உள்ளூர் வழிகாட்டி கழியால் ஐஸைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, "இங்கே மிதிக்காதே" என்றால் அத்தனை பேரும் நின்றுவிடுவார்களாம். மெத்தப் படித்தவர்கள்கூட மறுபேச்சு பேசுவதில்லையாம். உயிர் நம்முடையதாச்சே!

எண்ணூர் பெரியவரும் ஒன்று சொன்னார். "எங்கப்பா காலத்துல இங்க ஆள் மூழ்கும் சார். இப்போ சாம்பல் சேர்ந்து மேடாயிடுச்சு." அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் கலக்கிறது என்று இங்குள்ள மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, அதை அள்ளி எடுக்க இறங்கியதும் அவர்கள்தான்.

அங்கே ஒரு வார்த்தைக்கு நின்ற நாம், இங்கே இத்தனை வருஷமாக நிற்கவில்லை. வழிகாட்டிக்கும் பெரியவருக்கும் அறிவில் வித்தியாசம் இல்லை. மூழ்கப்போவது யார் என்பதில்தான் வித்தியாசம்.

திரும்பும்போது நண்பர் இறால் வாங்கினார். பேரம் பேசவில்லை. நல்ல மனுஷர். ஆனால், அந்தப் பெரியவர் நம்மிடம் எதிர்பார்ப்பது கூடுதலாகப் பத்து ரூபாய்தானா?