நெய் பூசிய வேல்கள்

பஹல்காம் படுகொலைக்குப் பிறகு எல்லையில் ‘ஆபரேஷன் சிந்தூர்’ நடந்துகொண்டிருந்த 2025 மே மாதம், பிராந்திய ராணுவத்தின் 32 காலாட்படைப் பிரிவுகளில் 14-ஐத் தேவைப்பட்டால் அழைத்துக்கொள்ளத் தரைப்படைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தது மத்திய அரசு. செய்தி வந்த கையோடு தேனி மாவட்டத்துத் தேவாரம், பொட்டிப்புரம் டீக்கடை வரைக்கும் ஒரே கேள்விதான்: தோனி போவாரா, மோகன்லால் போவாரா? இருவரும் அதே படையில் கௌரவ லெப்டினன்ட் கர்னல்கள். மே 10-ல் சண்டை நின்றது. 17-ல் ஐபிஎல் மறுபடி தொடங்கியது. கேள்வி அப்படியே ஆறிப்போனது. ஆறவிட்டிருக்கக் கூடாது.

சீருடையை மரியாதையாக வாங்கிக்கொண்டவருக்குச் சண்டைக் காலத்தில் அதற்குரிய வேலையும் கடமைதான். சட்டம் கௌரவப் பதவியைக் கௌரவமாக மட்டும் பார்க்கலாம். அறம் அப்படிப் பார்க்காது. துப்பாக்கி ஏந்தித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. படை சொல்கிற இடத்தில், படை சொல்கிற வேலையைச் செய்ய வேண்டும். அதற்கு மனமோ நேரமோ இல்லாதவர் அந்த உடுப்பை ஏற்கவே கூடாது.

இதை அன்றே ஔவை தீர்த்துவைத்துவிட்டார். அதியமானுக்காகத் தூது போன அவருக்குத் தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, காவலில் பளபளத்தன வேல்கள். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. புகழ்வதுபோல் இகழ்ந்த அந்தப் புறநானூற்றுப் பாட்டுக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. வள்ளுவரும் படையின் பெருமையை அழிவு வரும் வேளையில் அஞ்சாமல் நிற்பதில் அளந்தார். படைச்செருக்கு அதிகாரத்தில் ஒரு படி மேலே போய், விழுப்புண் படாத நாளையெல்லாம் வீண்நாளாக எண்ணும் வீரனைக் காட்டுகிறார்.

பொன்முடியாரை எதிர்த்தரப்பு துணைக்கு அழைக்கலாம். தாய்க்கு, தந்தைக்கு, கொல்லனுக்கு, வேந்தனுக்கு, காளைக்கு என்று ஆளுக்கொரு கடமை வகுத்தவர் அவர். நடிகன் நடிக்கட்டும், ஆட்டக்காரன் ஆடட்டும் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் அந்தப் பட்டியலில் வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லன், களத்தில் யானையை வீழ்த்தியதாகப் பட்டம் கட்டிக்கொள்ளவில்லை.

இந்த மண்ணில் வீரத்துக்குக் கல் நட்ட வழக்கம் மிகப் பழையது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. அவன் அரசனும் இல்லை, ஆடலில் பேர் வாங்கியவனும் இல்லை. மாட்டு மந்தைக்காகப் போனான், திரும்பவில்லை. அதன் பிறகுதான் கல் வந்தது. இன்று முறை தலைகீழ்.

தோனிக்கு நியாயம் செய்யவும் வேண்டும். 2011-ல் பதவி பெற்றவர், 2015-ல் ஆக்ராவில் பாராசூட் பயிற்சி முடித்தார். 2019-ல் கிரிக்கெட்டை ஒதுக்கிவைத்துக் காஷ்மீரில் இரண்டு வாரம் படைப்பிரிவோடு தங்கிக் காவலும் ரோந்தும் பார்த்தார். 2009-ல் பதவி பெற்ற மோகன்லால், 2024 வயநாடு நிலச்சரிவின்போது தன் படைப்பிரிவினருடன் சீருடையில் போய் நின்றார். இவை பாராட்டத்தக்கவையே. ஆனால் சமாதான காலத்தில் விரும்பிப் போவது வேறு, சண்டைக் காலத்தில் கூப்பிட்டதும் போவது வேறு. ஹாலிவுட்டின் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் 1941-ல் ஆஸ்கர் வாங்கிய அடுத்த மாதமே சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். பிறகு ஐரோப்பா மீது 20 முறை குண்டுவீச்சு விமானத்தில் பறந்தார். குத்துச்சண்டை வீரர் முகமது அலி படையில் சேர மறுத்தார். 1967-ல் பட்டத்தையும் ஆடும் உரிமையையும் இழந்தார். போனவர், மறுத்தவர், இருவருமே விலை கொடுத்தவர்கள். விலை கொடுக்காமல் கிடைப்பது நம் ஊர்க் கௌரவம்தான்.

பொட்டிப்புரத்தில் நின்று யோசித்தால் இது இன்னும் உறைக்கும். அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, தண்ணீர் என்னாகும், மலை என்னாகும் என்று கேட்ட விவசாயிகளை நாட்டின் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று பேசியவர்கள் உண்டு. கேள்வி கேட்ட சம்சாரிக்குத் தேசபக்திச் சோதனை. நட்சத்திரத்துக்கு, தோளில் பட்டை ஏறியதுமே சான்றிதழ்! இது எந்த ஊர் நியாயம்?

ராணுவத்தார் என்றால் சுடுவது மட்டுமே வேலை என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் நினைப்பதில்லை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையை முடித்த பென்னிகுவிக் ராணுவப் பொறியாளர்தான். அவர் படம் இங்கே வீட்டுச் சுவரில் சாமி படத்தோடு தொங்குகிறது. லீவு முடிந்து கிளம்பும் மிலிட்டரிக்காரரின் கறுப்பு டிரங்குப் பெட்டியும் எல்லோருக்கும் பழக்கம்: மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயர், நம்பர், யூனிட். அந்த மே மாதம் லீவில் வந்த படைவீரர்கள் பலரை நாள் முடியும் முன்பே திரும்பக் கூப்பிட்டார்கள். அவர்களிடம் ‘போவீர்களா’ என்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை.

பிராந்திய ராணுவத்தில் முறைப்படி சேர்ந்தவர் சொந்தத் தொழிலை விட்டுவிட்டு ஆண்டுதோறும் பயிற்சிக்குப் போகிறார். கௌரவ அதிகாரிக்கும் அதே பயிற்சியையும், போர்க்காலத்தில் ஆஸ்பத்திரி, முகாம், ஆள்சேர்ப்பு என்று ஏதாவதொரு பணியையும் பதவி ஆணையிலேயே எழுதிவிடலாம். கால்ஷீட்டும் விளம்பர ஒப்பந்தமும் இடம் தராது என்பவர், கையெழுத்துப் போடாமல் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.