பெயரற்ற கல்

நவம்பர் 11. காலை 11 மணி. பிரிட்டனிலே இரண்டு நிமிடம் பேச்சு நின்றுவிடுகிறது. மார்பிலே செந்நிறப் பாப்பிப் பூ, கையிலே மலர்வளையம். முதுமையால் தளர்ந்துவிட்ட முன்னாள் வீரரும் மற்றோரும் தலை கவிழ்ந்து நிற்கின்றனர்.

இதை நாம் எப்படிக் கொள்வது? "மாண்டவர் இதைக் காணப் போகிறாரா, கேட்கப் போகிறாரா? புரோகிதன் வைக்கும் பிண்டத்தை எள்ளி நகையாடுகிறோம். அரசு வைக்கும் மலர்வளையத்தின் முன் மட்டும் ஏன் தலை வணங்க வேண்டும்? இதுவும் ஒரு திவசந்தானே, அரசாங்கத் திவசம்!" என்று கேட்கும் இளைஞர் உளர். கேட்க வேண்டிய கேள்விதான். கேள்விக்கு அஞ்சிப் பொத்தி வைக்கப்படும் எந்த மரியாதையும் நமக்கு உடன்பாடன்று.

மாண்டவர்க்கு ஏதும் தெரியாது, ஒப்புகிறோம். ஆகவே அந்தச் சடங்கு இருப்போர்க்காகவே நடக்கிறது. இருப்போர்க்கு அது எதைச் சொல்கிறது, உண்மையையா பொய்யையா என்பதே நாம் எடைபோட வேண்டியது.

அந்த நாளின் பிறப்பையே பாருங்கள். 1918ஆம் ஆண்டு அதே நவம்பர் 11 அன்று, விடியற்காலை 5 மணியளவில், பிரான்சுக் காட்டிலே ஒரு இரயில் பெட்டிக்குள் போர்நிறுத்த உடன்பாடு கையொப்பமாயிற்று. பீரங்கி ஓய வேண்டிய நேரமோ 11 மணி! முடிவு எழுதப்பட்டுவிட்ட போரிலே இன்னும் ஆறு மணி நேரம் சுட்டனர், சுடப்பட்டனர். அந்த ஒரு நாளில் மட்டும் இருதரப்பிலுமாக ஏறத்தாழ 2,700 பேர் மாண்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். எதற்காக? எந்த மலர்வளையமும் இதற்கு விடை கூறவில்லை.

எனினும், அந்தச் சடங்கிலே மெச்சத்தக்கதும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இலண்டனில் 1920இல் திறக்கப்பட்ட செனடாஃப் நினைவுச்சின்னத்தில் சிலுவை இல்லை. புதுதில்லியை வகுத்த அதே லட்யன்ஸ்தான் அதனையும் வகுத்தவர். பல மதத்தவரும் மதமற்றோரும் மாண்ட போருக்கு ஒரு மதத்தின் சின்னம் எதற்கு என்று அன்றே எண்ணியிருக்கின்றனர். 1917இல் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க்கல்லறை ஆணையமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. படைத்தலைவனுக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பிரபுவின் மகனுக்குப் பளிங்கு மாடம், சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு மண்மேடு என்ற பேதம் கூடாது. பணம் உண்டென்பதால் எவரும் தம் மகனுடலை மட்டும் ஊருக்கு எடுத்துச் செல்ல இயலாது என்றது. வசதி படைத்தோர் வெகுண்டனர். 1920இல் பாராளுமன்றத்திலேயே வாதம் மூண்டது. கொள்கை வென்றது. சாவிலே சமத்துவம்! நம்மவர் கைதட்டி வரவேற்க வேண்டிய கொள்கை அன்றோ?

ஆனால், கைதட்டுமுன் கடல் கடந்து பார்க்க வேண்டும்.

பிரான்சு நாட்டு நேவ் ஷப்பெல்லில், 1927இல் எழுந்த நினைவகத்தில், இந்தியச் சிப்பாய்கள் 4,700க்கு மேற்பட்டோர் பெயர்கள் ஒன்றுவிடாமல் பொறிக்கப்பட்டுள்ளன. மெச்சினோம். இரண்டு ஆண்டுகட்குப் பின், 1929இல், மெசபொடேமியப் போர்க்களத்தில் மாண்டவர்க்காக பஸ்ரா நகரிலே ஒரு நினைவகம் எழுந்தது. அங்கே அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கை! அதே ஆணையம்; அதே கொள்கை; அதே போர். ஐரோப்பியக் கண்கள் வந்து காணும் இடத்திலே பெயர், பாலைவனத்திலே எண்! நம் சென்னை மாகாணத்துப் பொறியாளர் படையினரும் மெசபொடேமியா சென்றவர்களே. ஒரு தாய் பெயரிட்டு அழைத்த மகன், கணக்குப் புத்தகத்தின் கூட்டுத்தொகைக்குள் கரைந்துபோனான்.

ஆப்பிரிக்காவின் கதை இதனினும் கொடிது. கிழக்காப்பிரிக்கப் போரில் துப்பாக்கி ஏந்தியோரினும் சுமை தூக்கிச் செத்தவரே மிகுதி; பசியும் பிணியும் தின்றவர்கள் அவர்கள். நைரோபி நகரிலே அவர்கட்காக வெண்கல உருவங்கள் நிறுவப்பட்டன. அடியிலே ஒரு வாசகம், கிப்ளிங் எழுதியது: நாட்டுக்காகப் போரிட்டு நீ மாண்டாலும் உன் மைந்தர் உன் பெயரை நினைவில் வைப்பர் என்னும் பொருளில். பெயரை நினைவில் வைப்பராம்! அந்தச் சின்னத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

ஏன் இல்லை? இன்றைய கானா, அன்று கோல்ட் கோஸ்ட். அதன் ஆளுநராயிருந்த குக்கிஸ்பர்க் 1923இல் கூறிய காரணம், அந்நாட்டு எளிய மனிதனுக்குத் தலைக்கல்லின் அருமை புரியாது என்பது. மாண்டவனின் உறவினரை எவரும் கேட்கவில்லை. புரியாது என்று தீர்ப்பு மட்டும் எழுதிவிட்டனர். "படிப்பு அவனுக்கு ஏறாது" என்று கூறிப் பள்ளிக் கதவைச் சாத்தியவர்களை நாம் அறிவோம். குரல் பழக்கமான குரல்தான்.

கல்லின் அருமை அறியாதவர்களா அடிமை நாட்டார்? தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் ஒரு நடுகல் கிடைத்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமை, தமிழி எழுத்து. கூடலூர் ஆநிரைப் பூசலில் வீழ்ந்த அந்தவன் என்பானுக்கு எடுத்த கல் அது. மன்னன் அல்லன், மாளிகை வாழ்ந்தவன் அல்லன். மாடுகளுக்காக நடந்த சண்டையில் மாண்ட ஒருவன். அவன் பெயர் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கல் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வகுத்துச் சொல்கிறது தொல்காப்பியம்.

இதைச் சொல்லி மார் தட்டிக்கொள்ளலாம். தட்டிய கையைச் சற்றே நிறுத்தி, இன்றைய நம் ஊர்ச் சுடுகாட்டுப் பாதைக்கும் வரவேண்டும். சாதிக்கொரு சுடுகாடு இன்னும் இருக்கிறது. 2019இல் வாணியம்பாடி அருகே, வயல் வழியே பாதை மறுக்கப்பட்டதால், தாழ்த்தப்பட்ட ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினர். உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பஸ்ராவில் பெயரை மறுத்தவன் வெள்ளையன். பாதையை மறுத்தவன் நம்மவன், தமிழ் பேசுபவன். வெள்ளையனைக் குறைகூறும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையைப் பாலத்தடியில் நின்றும் பயன்படுத்தினால்தான் அது உரிமை. இன்றேல் அது வெறும் இனப்பெருமை.

மாண்டவர் பேச்சிலே மீண்டவரை மறந்துவிடலாகாது. மறப்பது எளிது, கல் சோறு கேட்பதில்லை, கால் இழந்தவன் கேட்கிறான். 1922 நவம்பரில், வேலையற்ற முன்னாள் வீரர்கள் அதே செனடாஃபைக் கடந்து அணிவகுத்தனர். மார்பிலே பதக்கம், பக்கத்திலே குத்தியிருந்தது அடகுக்கடைச் சீட்டு! வீரத்துக்கு அரசு தந்ததும், வயிற்றுக்கு வட்டிக்கடைக்காரன் தந்ததும் அடுத்தடுத்து. அந்நாளைய சொற்பொழிவுகள் அனைத்தையும்விட அந்தச் சீட்டு உரக்கப் பேசிற்று. பிரான்சோ, தன் கொடியின்கீழ் போரிட்ட குடியேற்ற நாட்டு வீரர்களின் ஓய்வூதியத்தை 1959இல் சட்டமியற்றி உறைய வைத்தது. பிரெஞ்சுக்காரர்க்கு ஏற ஏற, இவர்கட்கு நின்ற இடத்திலேயே நின்றது. சமமாக்க முடிவெடுத்தது 2006இல். காத்திருந்து மாண்டவர் எத்துணைப் பேரோ!

திவசம் என்று கேட்ட தோழர்க்கு நம் விடை இதுதான்: பெயரையும், மாண்ட காரணத்தையும், மீண்டவனுக்குரிய பங்கையும் விழுங்கிவிட்டு மலர் மட்டும் வைத்தால், ஆம், அது திவசமே, தட்சிணை பெறுவோர் வேறு, அவ்வளவுதான். அந்த மௌனத்தைக் கலைத்து, "எங்கே மற்றவர் பெயர்?" என்று ஒருவர் கேட்டால், அக்கணமே அது வேறொன்றாகிறது.

கேட்டனர். 2021 ஏப்ரலில் அதே கல்லறை ஆணையத்தின் ஆய்வறிக்கை வெளிவந்தது. ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களும் பணியாளர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ முற்றிலும் நினைவின்றியோ விடப்பட்டனர் என்று ஒப்புக்கொண்டது. இன வெறுப்பே காரணம் என்பதையும் மறைக்கவில்லை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். நூறாண்டு கழித்து!

2025 சனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. ஆயுதம் ஏந்த அனுமதிக்கப்படாமல், சுமக்கவும் தோண்டவும் அனுப்பப்பட்டு, முதல் உலகப்போரில் மாண்ட கருப்பினத் தொழிலாளர் 1,700க்கு மேற்பட்டோர்க்கானது. ஆப்பிரிக்க மரத்திலே செய்த கம்பங்கள், ஆளுக்கொன்றாய் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவன் மாண்ட நாள்.